கடலில் முளைக்கும் தீவுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டோங்கா நாட்டில் 2015ஆம் ஆண்டு கடலடி எரிமலையால் உருவான நிலம், 2022 ஜனவரியில் அதே எரிமலை வெடித்தபோது அழிந்துபோனதாகப் படித்தேன். இப்படிப் பிறக்கும் தீவுகள் எல்லாமே அற்பாயுசுதானா?
– வாசகர், திருச்சி

பதில்: எல்லாம் இல்லை; ஆனால் பெரும்பாலானவை அப்படித்தான். ஒரு தீவு நிலைக்குமா என்பதை அதன் உயரத்தைவிட, அது எதனால் ஆனது என்பதே தீர்மானிக்கிறது.

ஆழ்கடலில் எரிமலை கக்கும்போது, மேலே நிற்கும் நீரின் பெரும் அழுத்தம் நீராவி விரிவதை அடக்கிவிடுவதால் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் ஆரவாரமின்றி வழிந்து உறைகிறது. எரிமலையின் வாய் கடல்மட்டத்தை நெருங்கியதும் அந்த அழுத்தம் இல்லாமற்போகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பைத் தொட்ட கடல்நீர் நொடியில் ஆவியாகி வெடிப்பதால், குழம்பு சாம்பலாகவும் சிறு கற்களாகவும் சிதறுகிறது. கரிய தாரைகள் நீரைக் கிழித்து எழுவதையும், அவற்றின் முனையில் பறக்கும் கற்கள் ஒவ்வொன்றும் வெண்ணிற ஆவியை வாலாக இழுத்துச் செல்வதையும் இத்தகைய வெடிப்புகளின் படங்களில் காணலாம். இவ்வாறு குவிவது பாறையன்று, ஒட்டாத சாம்பல் மேடு. அலைகள் அதைக் கரைக்க அதிக காலம் பிடிப்பதில்லை.

1831 ஜூலையில் சிசிலிக்குத் தெற்கே எழுந்த தீவு இதற்குச் சரியான சான்று. அறுபது மீட்டருக்கு மேல் உயர்ந்த அதற்கு ஆங்கிலேயர் ‘கிரஹாம்’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘ஜூலியா’ என்றும், சிசிலியை ஆண்ட மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்டின் அரசு ‘ஃபெர்டினாண்டியா’ என்றும் பெயரிட்டு, ஆளுக்கொரு பக்கம் உரிமை கோரின. கொடி நட்டவர்கள் கம்பத்தைச் சுற்றிக் கிடந்த சாம்பலை ஒரு பிடி அள்ளிப் பார்த்திருந்தால், இத்தனை ராஜதந்திரம் தேவைப்பட்டிராது. 1832இன் தொடக்கத்திற்குள் தீவு மறைந்துவிட்டது. இன்று அதன் உச்சி நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே உள்ளது.

ஐஸ்லாந்தின் தென்கடலில் 1963 நவம்பர் 14 அன்று, ஒரு மீன்பிடிப் படகினர் தொலைவில் புகையைக் கண்டு ஏதோ கப்பல் தீப்பற்றியதாக எண்ணினர். சுமார் 130 மீட்டர் ஆழத்தில் தொடங்கிய அந்த எரிமலையே சர்ட்சி தீவாயிற்று. முதலில் இதுவும் வெறும் சாம்பல் மேடுதான். ஆனால் அந்த மேடு உயர்ந்து, எரிமலை வாய்க்குள் கடல்நீர் புகாதபடி தடுத்ததும் வெடிப்புகள் ஓய்ந்து, 1964 ஏப்ரல் முதல் குழம்பு சிதறாமல் லாவாவாக வழிந்தோடி அதன் ஒரு பகுதிக்குக் கவசமிட்டது. அதே எரிமலையின் அருகிலேயே 1965இல் எழுந்த சிர்ட்லிங்கூர், யோல்னிர் என்னும் இரு தீவுகளுக்கு அந்தக் கவசம் கிடைக்கவில்லை. இரண்டும் மாதக்கணக்கில் கரைந்தன. குழம்பும் ஒன்று, கடலும் ஒன்று. லாவா வழிந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. லாவா போர்த்திய சர்ட்சிகூட, 1967இல் எரிமலை ஓய்ந்தபோது இருந்த பரப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது.

சாம்பலும் சில வேளைகளில் தானே கல்லாகும். உள்ளே எஞ்சிய வெப்பத்தில் கடல்நீர் ஊறும்போது அது வேதிமாற்றமடைந்து பழுப்பு நிறப் பாறையாக இறுகுகிறது. சர்ட்சியின் உட்பகுதி இவ்வாறே கெட்டிப்பட்டது. நீங்கள் குறிப்பிட்ட டோங்கா நிலம், சில மாதங்களே தாங்கும் என்ற கணிப்பை மீறி ஏழாண்டுகள் நின்றதற்கும் இதுபோன்ற மாற்றம் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அதை முடித்துவைத்தது அலையன்று, அதைப் பெற்ற எரிமலையே.

கேள்வி: இன்று அப்படி ஒரு தீவு எழுந்தால் அது யாருக்குச் சொந்தம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரையுள்ள நாட்டெல்லைக் கடலுக்குள் எழுந்தால், அந்நாட்டுக்கே. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின்படி, இயற்கையாக உருவாகி, உயர் ஓதத்தின்போதும் (கடல்நீர் ஏறி நிற்கும் வேளையிலும்) நீருக்கு மேல் நிற்கும் நிலமே தீவு எனப்படும். மனிதர் வாழவோ தனிப் பொருளாதார வாழ்வு நடத்தவோ இயலாத பாறைகளுக்கு நாட்டெல்லைக் கடல் உண்டு. 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கிடையாது. டோக்கியோவுக்குத் தெற்கே நிஷினோஷிமாவின் அருகே 2013இல் எழுந்த நிலம் சில வாரங்களில் பழைய தீவுடன் இணைந்துவிட்டதால், ஜப்பானுக்கு உரிமைச் சிக்கல் எதுவும் எழவில்லை. கடல் வரைபடத்தைத் திருத்தும் வேலை மட்டுமே மிஞ்சியது.