கேள்வி–பதில்: வாரத் தவணையில் சொந்தமாகும் பொருளும் உங்கள் உரிமையும்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து ‘ரென்ட்-டு-ஓன்’ கடைகளைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. வாராவாரமோ மாதாமாதமோ வாடகை கட்டி, குறித்த காலம் முடிந்ததும் பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு மாநிலச் சட்டமும் வெவ்வேறு விதமாகப் பார்க்கிறது. ஆகவே, எழுதியவர் எங்கே வசிக்கிறார் என்பதைக் கருத்தில் கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இந்நாட்டுக்கு வந்த புதிதில் கிரெடிட் ஸ்கோர் (கடன் தகுதி மதிப்பெண்) இல்லாததால் எங்கும் தவணைக்குப் பொருள் கிடைக்கவில்லை. 900 டாலர் ரொக்க விலை குறித்திருந்த தொலைக்காட்சியை, வாரம் 25 டாலர் வீதம் 78 வாரங்களுக்கு ஒரு ரென்ட்-டு-ஓன் கடையில் எடுத்தோம். 52 வாரங்கள் கட்டியாகிவிட்டது. மீதியை மொத்தமாகக் கட்டி முடித்துவிடலாம் என்று போனால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொகையைச் சொல்கிறார்கள். ‘நீங்கள் வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள், இதில் வட்டி என்ற பேச்சே இல்லை’ என்றும் சொல்கிறார்கள். அது சரியா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வேறு பல மாநிலங்களில் அந்தப் பேச்சு செல்லும், உங்கள் மாநிலத்தில் செல்லாது. கடன் கொடுப்பவர் வட்டி விகிதத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், நான்கு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தங்களுக்கான 1976ஆம் ஆண்டின் சட்டமும் இந்தக் கடைகளை எட்டுவதில்லை. எந்த வாரமும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால், அது கடனும் இல்லை, நீண்ட கால வாடகையும் இல்லை என்ற நிலை ஏற்படுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் இந்த நிலையை ஏற்றுக்கொண்டு, மொத்தச் செலவு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் தெரிவிக்கவேண்டும் என்ற அளவில் தனிச் சட்டங்களை இயற்றின. நியூ ஜெர்சி அந்த வழியில் போகவில்லை. 2006ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம், பெயர் எதுவாக இருந்தாலும் இது தவணை விற்பனைதான் என்றும், ஆண்டுக்கு 30 விழுக்காடு என்ற கந்துவட்டித் தடை வரம்பு இதற்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களின் நீதிமன்றங்களும் இதைக் கடன் விற்பனையாகவே பார்த்திருக்கின்றன.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். வாரம் 25 டாலர் வீதம் 78 வாரங்களுக்கு மொத்தம் 1,950 டாலர் ஆகிறது. 900 டாலர் பொருளுக்கு இதை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காட்டுக்குக் குறையாது. அதே 900 டாலருக்கு, அதே 78 வாரங்களுக்கு, 30 விழுக்காடு வட்டி மட்டும் போட்டால் வாரத்துக்கு 14 டாலர் 36 சென்ட்தான் வரும்; மொத்தம் ஏறத்தாழ 1,120 டாலர். நீங்கள் இதுவரை கட்டியிருப்பது 1,300 டாலர். வரம்புக்கு உட்பட்டுக் கடை கேட்டிருக்கக்கூடிய முழுத் தொகையைக் காட்டிலும் அதிகமாகவே நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று வாதிட இடம் இருக்கிறது. கடை குறித்த ரொக்க விலையே சந்தை விலையைவிட உயர்ந்ததாக இருந்தால் உங்கள் வாதம் இன்னும் வலுப்பெறும். அதே மாதிரியை வேறு கடைகள் என்ன விலைக்கு விற்றன என்பதற்கான சான்றைச் சேகரித்து வையுங்கள்.

ஆனால் இதை நம்பி நாளையே தவணையை நிறுத்திவிடாதீர்கள். முதலில், பொருளை இன்று முடித்துக்கொள்ள எவ்வளவு என்பதையும், அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் எழுத்தில் தரும்படி கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேளுங்கள். கடை ஊழியர் வாயால் சொல்லும் தொகை மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், காப்புக் கட்டணம், தாமதக் கட்டணம் போன்றவை அதில் சேர்வதும் விலகுவதும்தான் என்பது பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதன்பின் மேலே சொன்ன கணக்கை இணைத்து, மாநிலத்தின் நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் செய்யலாம். வருமானம் குறைவானவர்களுக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி இலவசமாக உதவுகிறது. அம்மாநில நுகர்வோர் மோசடித் தடைச் சட்டப்படி வழக்கு வென்றால், நிரூபிக்கப்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கும் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கும். ஆகவே சிறு தொகை என்று வழக்கறிஞர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தயங்கவேண்டாம்.

கேள்வி: நான் மாணவர் விசாவில் படிக்கிறேன். என் பெயரில் ரென்ட்-டு-ஓன் கடையில் எடுத்த சோபாவையும் தொலைக்காட்சியையும் அறைத்தோழரோடு சேர்ந்து பயன்படுத்தினேன். அவர் வேறு மாநிலத்துக்குப் போகும்போது தொலைக்காட்சியை எடுத்துச் சென்றுவிட்டார். மூன்று தவணை பாக்கி. ‘பொருளைத் திருப்பித் தராவிட்டால் திருட்டு வழக்குப் பதிவாகும்’ என்று கடையிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது. என் விசாவுக்கு ஆபத்து வருமா?
— மாணவர், டெக்சாஸ்

பதில்: பணம் கட்ட முடியாமல் போவது குற்றமாகாது. அது உரிமையியல் கடன். அதனால் மாணவர் விசாவுக்குக் கேடு வராது. ஆனால் உங்களுக்கு வந்திருப்பது சாதாரண மிரட்டல் கடிதம் என்று ஒதுக்கிவைக்கக்கூடியதும் அன்று. டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தில் ‘சேவைத் திருட்டு’ என்றொரு பிரிவு உண்டு. வாடகைக்கு எடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டு முறையாக அறிவிப்பு வந்தபின்பும், சட்டம் குறிக்கும் சில நாட்களுக்குள் திருப்பித் தரவில்லையானால், ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக அனுமானிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. கடைகள் கடன் வசூலுக்கு இதைப் பயன்படுத்துகின்றன என்ற விமர்சனம் எழுந்தபின், 2019இல் அம்மாநிலச் சட்டமன்றம் பிரிவைத் திருத்தி, வாடகைக் கொள்முதல் (ரென்ட்-டு-ஓன்) வாடிக்கையாளர்மீது அதை ஏவுவதைக் கடினமாக்கியது. ஆயினும் பிரிவு நீங்கிவிடவில்லை.

ஆகவே உங்களைக் காப்பது பதிலும் அதன் தேதியும்தான். கடிதம் வந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள். தொலைக்காட்சி யாரிடம் இருக்கிறது, எந்த நாளில் எடுத்துச் செல்லப்பட்டது, அதைத் திரும்பப் பெற என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். உங்களிடம் இருக்கும் சோபாவைத் திருப்பிக் கொடுக்க முன்வாருங்கள். கொடுக்கும்போது எந்த நிலையில் இருந்தது என்று குறிப்பிட்ட ரசீதும் படமும் இல்லாமல் கடையை விட்டு வராதீர்கள். தோழருக்கு அனுப்பிய செய்தி, அவர் தந்த பதில் அனைத்தையும் அழிக்காமல் வையுங்கள். கடையோடு நடக்கும் கணக்கில் கையெழுத்திட்டவர் நீங்கள் என்பதால், அவர் தராவிட்டாலும் அப்பொருளின் நியாயமான மதிப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதை அவரிடம் வசூலிப்பது வேறு வழக்கு. மறந்தும் செய்யக்கூடாதது, எஞ்சியிருக்கும் பொருளை விற்பதும் அடகு வைப்பதும் கடைக்குச் சொல்லாமல் வீடு மாறுவதும்தான். கடன் பாக்கி குற்றமாக மாறக்கூடிய இடங்கள் அவை.

விசாவைப் பொறுத்தவரை, கவலைப்படவேண்டியது பாக்கியைப் பற்றியன்று. திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பற்றித்தான். வழக்கு விரைவில் முடியட்டும் என்று சிறிய அபராதத்தோடு குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தில் பெரிய சிக்கல் காத்திருக்கலாம். குற்ற வழக்கு என்று ஏதேனும் வந்தால், குடிவரவுச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரைக் கேளாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கென்றே சட்ட உதவி அலுவலகம் நடத்துகின்றன. முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: இரண்டு தவணை தவறிவிட்டோம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கடை ஆட்கள் வந்து வாஷிங் மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் மட்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வேண்டாம் என்று கையைக் காட்டியும் உள்ளே வந்துவிட்டார்கள் என்கிறார். 40 வாரம் கட்டிய பணம் போனது போனதுதானா?
— வாசகர், மிச்சிகன்

பதில்: தவணை தவறினால் பொருளை மீட்டுக்கொள்ளும் உரிமை கடைக்கு உண்டு, நீதிமன்றத்துக்குப் போகாமலும் மீட்கலாம். ஆனால் அமைதியைக் குலைக்காமல் மீட்கவேண்டும் என்பது நாடெங்கும் ஏற்கப்பட்ட நிபந்தனை. வீட்டில் இருப்பவர் மறுத்தபின் உள்ளே நுழைவது அந்த எல்லையைத் தாண்டிய செயல். மொழி தெரியாத முதியவர் கதவைத் திறந்ததையே சம்மதம் என்று கடை பிறகு சொல்லக்கூடும் என்பதால், மாமியார் நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் தேதி, நேரத்தோடு எழுதிவைத்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் ஊர் திரும்பிவிட்டால் இந்தச் சாட்சியம் கிடைப்பது கடினம். வாசலில் கேமரா இருந்தால் பதிவை இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடும்.

இதைவிட அவசரமானது வேறொன்று. பெரும்பாலான மாநிலச் சட்டங்களின்படி, குறித்த காலத்துக்குள் பாக்கியையும் நியாயமான மீட்புக் கட்டணத்தையும் செலுத்தினால் ஒப்பந்தத்தை மீண்டும் உயிர்ப்பித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீங்கள் கட்டிய 40 வாரமும் கணக்கில் அப்படியே நிற்கும். பொருளைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் காலம் நீளும். கூடுதலாகக் கட்டியிருந்தால் இன்னும் நீளும். கடை ஆட்கள் இதைத் தாமாக வந்து சொல்வது அரிது. உங்கள் ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கும். அதில் குறித்திருக்கும் நாள் கடந்துவிடும் முன் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த குளிர்சாதனப் பெட்டி மூன்றாவது முறையாகப் பழுதாகிவிட்டது. பழுது பார்க்கும் வரை வாடகை கட்டவேண்டுமா? வழக்குப் போடமுடியாது, நடுவர் மன்றம்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்.
— வாசகர், டெக்சாஸ்

பதில்: முழுத் தொகையும் கட்டிமுடியும் வரை பொருள் கடையுடையது என்று எழுதியிருக்கும் அதே ஒப்பந்தத்தில், அதுவரை பராமரிப்பு யார் பொறுப்பு என்பதும் குறிக்கப்பட்டிருக்கவேண்டும், வழக்கமாக அது கடையின் பொறுப்பு. உரிமை மட்டும் கடைக்கு, பழுது மட்டும் உங்களுக்கு என்று இருக்க முடியாது. மாற்றுப் பெட்டி தரும்படியும், பயன்படாத நாட்களுக்கான வாடகையைக் கழிக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பதில் வரும் முன் தவணையை நீங்களாக நிறுத்தினால், பழுது பற்றிய வழக்கு பாக்கி பற்றிய வழக்காக மாறிவிடும்.

நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனி நடுவர் தீர்ப்பளிப்பதுதான் நடுவர் மன்றம்; அதற்கான ஒப்பந்த வாசகங்களில் பலவும் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு விலக்கு அளிக்கின்றன. டெக்சாஸில் ஜஸ்டிஸ் கோர்ட் எனப்படும் நீதிமன்றம் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை ஏற்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. கையெழுத்திட்டுச் சில வாரங்களுக்குள் மட்டுமே நடுவர் மன்றத்திலிருந்து விலகலாம் என்ற வாசகமும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். புதிதாக எடுப்பவர்கள் முதலில் தேடவேண்டிய வரி அது.

கேள்வி: பொருளைத் திருப்பிக் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். ஆனாலும் என் வங்கிக் கணக்கிலிருந்து வாராவாரம் பணம் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது வசூல் நிறுவனம் ஒன்றும் அழைக்கிறது.
— வாசகி, கலிபோர்னியா

பதில்: கடைக்கு அலைவதை நிறுத்திவிட்டு வங்கிக்குப் போங்கள். அடுத்த தவணை எடுக்கப்படும் நாளுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் தெரிவித்தால், தானாகப் பணம் எடுப்பதை வங்கி நிறுத்தவேண்டும் என்பது மத்தியச் சட்டம். வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்றாலும், எழுத்தில் உறுதிசெய்யும்படி வங்கி கேட்கலாம். கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுங்கள். அனுமதியை நீக்கியபின் எடுக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற, அது வங்கி அறிக்கையில் இடம்பெற்று அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் புகார் செய்யவேண்டும். கடைக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாகக் கடைக்கும் அதே நாளில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

வசூல் நிறுவனத்தைப் பொறுத்தவரை, 1977ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அவர்கள் அழைக்கக்கூடாது. கடன் இல்லை என்று எழுத்தில் மறுத்து, சான்று கேட்டால், சான்று தரும் வரை வசூலை நிறுத்தவேண்டும். அவர்களது முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் இதைச் செய்வது முக்கியம். கடையே நேரடியாக அழைத்தால் இந்த மத்தியச் சட்டம் பொருந்தாது, ஆனால் உங்கள் மாநிலமான கலிபோர்னியாவின் வசூல் சட்டம் கடன் கொடுத்தவரையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கிரெடிட் அறிக்கையில் இந்தப் பாக்கி ஏறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். ஏறியிருந்தால் அறிக்கை நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்த ரசீதின் படியை அனுப்புங்கள், வழக்கமாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்துப் பதில் சொல்லவேண்டும்.

கேள்வி: இவர்களிடம் எடுக்கும் மடிக்கணினியில் உளவு மென்பொருள் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஒஹையோ

பதில்: நடந்த கதைதான். மத்திய வர்த்தக ஆணையம் 2012இல் டிசைனர்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தோடும் ஏழு வாடகைக் கொள்முதல் நிறுவனங்களோடும், 2013இல் ஆரன்ஸ் என்ற வாடகைக் கொள்முதல் நிறுவனத்தோடும் இதுபற்றிய வழக்குகளைச் சமரசத்தில் முடித்தது. வாடகைக்குத் தந்த கணினிகளில் இருந்த மென்பொருள் தட்டச்சு செய்தவற்றைப் பதிவு செய்ததோடு, வீட்டுக்குள் இருந்தவர்களைக் கேமரா வழியாகப் படமும் எடுத்தது என்பது குற்றச்சாட்டு. தவணை தவறினால் கணினியை முடக்கும் மென்பொருளோ இடம் கண்டறியும் மென்பொருளோ இப்போதும் இருக்கக்கூடும். ஆனால் அதை முன்கூட்டியே தெரிவித்து உங்கள் சம்மதத்தைப் பெறவேண்டும். ஒப்பந்தத்தில் அப்படியொரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். கையிலிருக்கும் வேறு கணினியிலோ கைப்பேசியிலோ மட்டும் வங்கிக் கணக்கைத் திறங்கள். மடிக்கணினியைத் திருப்பித் தரும் முன், உங்கள் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறிவிட்டே கொடுங்கள்.