புற்றரையைக் கருக்கிய பராமரிப்பு நிறுவனம்: மிகுதிப் பணத்தையும் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கொக்குவிலில் என் மனைவியின் சீதனக் காணியில் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கனடாவில் இருக்கும் மகனின் விருப்பப்படி முற்றத்தில் அரைப் பரப்பளவில் மலேசியன் புல் பதித்து, பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். வாரம் ஒரு முறை வந்து புல் வெட்டி, களை பிடுங்கி, பசளையிடுவதாக வைபரில் எழுதினார்கள். ஆறு மாதத்துக்கு 72,000 ரூபாய் என்று பேசி 48,000 ரூபாய் முற்பணம் வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் மூன்று தடவைதான் வந்தார்கள். கடைசித் தடவை, கோரை முளைத்திருக்கிறது என்று ஏதோ மருந்து தெளித்தார்கள். பத்து நாளில் புல் முழுவதும் கருகியது. பக்கத்தில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் தளிர்கள் சுருண்டன. வேலிக்கு அப்பால் அயலவரின் மரவள்ளியும் பழுதாகியது. கேட்டால், தெளித்த பெடியங்கள் தங்கள் ஆட்கள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள் என்கிறார்கள். செடிகளுக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதையும் காட்டுகிறார்கள். மிகுதி 24,000 ரூபாயைத் தராவிட்டால் பொலிஸுக்குப் போவார்களாம். மருந்தடித்து ஏழு வாரமாகிறது. புல்லைக் கிளறி எறிந்துவிட்டுப் புதிதாகப் பதிக்கலாமா?

பதில்:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன்: தயவுசெய்து இப்போது புல்லைக் கிளற வேண்டாம். கருகிக் கிடக்கும் அந்தப் புற்றரைதான் இன்று உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய சான்று. பல திசைகளிலிருந்தும் படம் எடுத்து, திகதியுடன் சேமித்து வையுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டி, புல், மாமரம், அயலவரின் மரவள்ளி ஆகிய மூன்றின் நிலையையும் அவரது அவதானிப்பாக எழுத்தில் பெறுங்கள். தெளித்த மருந்தின் பெயரை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாத களைகொல்லியை விற்க முடியாது. ஆகவே முறையான மருந்து என்றால் பெயரும் போத்தலில் ஒட்டிய சிட்டையும் இருந்தே ஆக வேண்டும், சொல்ல மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்கே உதவும். மாமரத்தைக் காப்பாற்றச் செய்யக்கூடியதைத் தாமதமின்றிச் செய்து, செலவுச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது பாதிக்கப்பட்டவரின் கடமை, அதற்கான செலவோ கோரக்கூடிய இழப்பின் ஒரு பகுதி. புற்றரைக்கு அருகில் கிணறு இருந்தால் நீரையும் பரிசோதிப்பது நல்லது, ஏனெனில் எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவாகவே கீழே இறங்கிவிடும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்ததை இங்கு பலரும் அறிவர்.

வைபரில் எழுதியது ஒப்பந்தமாகுமா என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ், மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்த வாக்குறுதிக்கு மேலாக, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்பதையும், அதற்குப் பயன்படுத்தும் பொருட்கள் நோக்கத்துக்குப் பொருத்தமானவையாக இருக்கும் என்பதையும், எவரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் சேர்த்துவிடுகிறது. கோரையை அழிக்க வந்தவர்கள் புல்லையே அழித்துவிட்டுப் போனதை உரிய கவனம் என்று வாதிடுவது மிகவும் கடினம்.

"பெடியங்கள் எங்கள் ஆட்கள் அல்லர்" என்ற பதில் என்னைச் சினங்கொள்ளச் செய்கிறது, ஏனெனில் இதைக் கேட்டு மனம் தளர்ந்து உரிமையைக் கைவிட்ட பலரை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் பணம் கொடுத்தது நிறுவனத்துக்கு. வேலையைச் செய்து தருவதாகப் பொறுப்பேற்றதும் நிறுவனமே. அந்த வேலைக்கு நிறுவனம் சம்பளக்காரரை அனுப்பியதா, நாட்கூலியை அனுப்பியதா என்பது அவர்களுக்கிடையிலான விடயம், உங்கள் ஒப்பந்தத்தை அது தொடாது.

பற்றுச்சீட்டின் பின்புற வாசகத்தை இன்னும் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். விலையும் வேலையும் வைபரில் பேசி முடிந்து, பணமும் கைமாறிய பிறகு நீட்டப்பட்ட தாளில் புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்த்துவிட முடியாது. இருவரும் உடன்பட்டபோது அந்த நிபந்தனை உங்கள் கண்முன் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று அவர்கள் நிரூபித்தாலும், 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் குறுக்கே நிற்கிறது. தமது கவனயீனத்தால் விளையும் பொருட்சேதத்துக்கான பொறுப்பை விலக்கும் நிபந்தனை நியாயமானதாக இருந்தால் மட்டுமே அச்சட்டத்தின் கீழ் செல்லுபடியாகும். செடிகளைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், செடிகள் அழிந்தால் பொறுப்பில்லை என்று சொல்வது நியாயமான நிபந்தனை என எந்த நீதிபதியாவது ஏற்பார் என்று நான் நினைக்கவில்லை.

மிகுதி 24,000 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டியதில்லை. எமது பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில், தன் பங்கை நிறைவேற்றாதவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்க முடியாது. பொலிஸைச் சொல்லிப் பயமுறுத்துவதைப் பொருட்படுத்த வேண்டாம், இது குடியியல் பிணக்கு. அதேவேளை நீங்களும் அவர்கள் மீது மோசடி முறைப்பாடு செய்ய அவசரப்படாதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 398 ஆம் பிரிவின்படி ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அரைகுறை வேலை மட்டும் அதற்குப் போதாது.

நீங்கள் கோரக்கூடியவை: செய்யாத வேலைக்குரிய முற்பணம், புல்லை மீளப் பதிக்கும் செலவு, மாமரத்துக்கு ஏற்பட்ட இழப்பு. மன வேதனைக்கு ஒப்பந்தச் சட்டம் பணம் தராது. உங்கள் மன வருத்தத்தை நான் உணர்ந்தபோதிலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

காலந்தான் இங்கு உண்மையான ஆபத்து. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும், அதில் ஏழு வாரம் கழிந்துவிட்டது. எனவே இந்த வாரமே 14 நாள் அவகாசம் கொடுத்து நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுநாளே முறைப்பாட்டைக் கொடுங்கள். வழிகாட்டலுக்கு அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். விசாரணையின் பின் இழப்பீட்டையோ பணத்தை மீளச் செலுத்துவதையோ கட்டளையிடப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இடமளிக்கிறது. நீதிமன்றம் செல்வதாயின், இந்தத் தொகைக்கான பிணக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலில் இணக்கசபைக்குப் போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்கு ஏற்கப்படாது. அங்கு உங்கள் சட்டத்தரணியாக நான் தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். ஆனால் ஆவணங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு செல்பவருக்கு அது ஒரு குறையே அல்ல. வழக்குத் தொடரக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டும், கவனயீனத்தால் விளைந்த சேதத்துக்கு 2 ஆண்டும் தருகிறது. மாமரத்தை மனத்தில் வைத்து 2 ஆண்டு என்றே கணக்கிடுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இந்த ஒப்பந்தத்தைப் பாதிக்காது. ஆனால் காணி உங்கள் மனைவியுடையது, மரம் காணியோடு சேர்ந்தது. ஆகவே கடிதமும் முறைப்பாடும் இருவர் பெயரிலும் போகட்டும். அயலவரின் மரவள்ளிக்கும் பொறுப்பாளி நிறுவனமே. வேலியோரம் தெளிக்கும்படி நீங்கள் பணித்திருந்தால் மட்டுமே கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். அவர் உங்கள் மீது கோபப்படுவதற்கு முன் நேரில் சென்று நடந்ததைச் சொல்லி, அவரும் தன் பெயரில் ஒரு கடிதம் அனுப்பச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். வேலியின் இருபுறமும் ஒரே நாளில் ஒரே விதமாகப் பயிர் கருகியது என்று இருவர் எழுதினால், மருந்தன்றி வேறு காரணத்தை நிறுவனம் சொல்வது எளிதாக இராது.