சில்வானர் ஒயினுக்கு என்ன சமைப்பது?

கேள்வி: வேலைக்காக ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் வந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டுக்காரம்மா தட்டை வயிறு கொண்ட ஒரு பாட்டிலைப் பரிசாகக் கொடுத்தார். லேபிளில் 'சில்வானர், ட்ரொக்கன்' என்று இருக்கிறது. மே மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவரையும் இரண்டு அலுவலக நண்பர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். ஒருவர் சைவம். என்ன சமைக்கலாம்? நம் பிரியாணி ஒத்துப்போகுமா?

பதில்: பிரியாணியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ட்ரொக்கன் என்றால் இனிப்பில்லாத ஒயின். திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் புளித்து ஆல்கஹாலாகியிருக்கும். சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். புளிப்பும் அதற்கு ஏற்ப இருந்தால் 9 கிராம் வரை போகலாம். உங்கள் ஃப்ராங்கன் வட்டாரத்துக்காரர்கள் 4-க்குக் கீழே இருப்பதைத்தான் ட்ரொக்கன் என்று விரும்பிக் குடிப்பார்கள். மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும் இனிப்பு இதில் கிடையாது. ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும்.

சில்வானர் பழைய திராட்சை. அந்த வட்டாரத்தில் உள்ள காஸ்டெல் ஊரில் 1659-லேயே நட்டதற்குப் பதிவு இருக்கிறது. ரீஸ்லிங் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் திராட்சை மாதிரி நாக்கில் சுரீரென்று புளிக்காது. பேரிக்காய், காய்ந்த புல், கொஞ்சம் மண்வாசம் என்று அமைதியாக இருக்கும். இதைச் சப்பென்ற ஒயின் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டைப் பேசவிடுவதுதான் இதன் குணம்.

மே மாதம் என்பதால் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை: ஷ்பார்கல், அதாவது வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறி. ஜூன் 24-ஓடு அதன் பருவம் முடிந்துவிடும். அஸ்பாரகஸில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. ஓக் பீப்பாய் மணம் தூக்கலான வெள்ளை ஒயினோ துவர்ப்பான சிவப்பு ஒயினோ அதோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவை தட்டும். சில்வானரில் அந்தத் தொல்லை இல்லை. அதன் புல்வாசம் தண்டின் மெல்லிய கசப்போடு நன்றாகச் சேரும்.

சந்தையில் வாங்கும்போது இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் புதுசு. தோல் சீவும்போது கையில் தூக்கிப் பிடித்தால் ஒடிந்துவிடும், பலகையில் படுக்க வையுங்கள். நுனிக்குச் சற்றுக் கீழே தொடங்கி அடிவரை சீவி, நார் பிடித்த அடித்துண்டை வெட்டிவிடுங்கள். சீவிய தோலையே முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய் போட்டுத் தண்டுகளை வேகவையுங்கள். பருமனைப் பொறுத்துப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். கத்தி முனை லேசாக இறங்கினால் போதும், எடுத்துவிடலாம்.

கூடவே அவித்த புது உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய். முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், எலுமிச்சை சேர்த்த ஹாலண்டேஸ் சாஸ் செய்ய வந்தால் இன்னும் நல்லது, எலுமிச்சையை மட்டும் அடக்கி வாசியுங்கள். அசைவக்காரர்களுக்கு ஹாம் துண்டுகளைத் தனித் தட்டில் வையுங்கள். சைவ நண்பருக்குக் குறை எதுவும் இருக்காது, முட்டையும் வெண்ணெயும் சாப்பிடுவாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மீன் வேண்டுமென்றால் மேஃபிஷ்லி இருக்கிறது. மைன் ஆற்றின் பொடி மீன்களை மாவில் புரட்டி, தலையோடு முறுகப் பொரித்தது, நம் நெத்திலி வறுவலுக்குச் சொந்தம் போல. பழைய மைன் பாலத்தில் நிற்கும் புனித கிலியான் சிலையின் சுண்டுவிரலைவிட அந்த மீன் நீளமாக இருக்கக்கூடாது என்பது உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது. அதற்கும் சில்வானர்தான்.

பாட்டிலின் பெயர் பாக்ஸ்பாய்ட்டல். தட்டையாக இருப்பதால் ஃபிரிட்ஜில் உருளாமல் படுத்துக்கொள்ளும். பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். 10 டிகிரி அளவில் இருந்தால் சரி, அதற்கு மேல் குளிர்ந்தால் வாசமே தெரியாது.

அப்புறம், ஷ்பார்கல் வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் கொஞ்சம் மாவும் பாலாடையும் சேர்த்தால் சூப். பாட்டிலில் மிச்சம் இருந்தால் இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், அந்த சூப்போடு முடித்துவிடலாம்.