சுவருக்குள் போன வயர்

ஐயா,

நெகிரி செம்பிலான், பஹாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சிங்கிள் பேஸ் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. புதிய தாமான் (வீட்டுக் குடியிருப்பு) வேலைகள் நின்றுபோய், மூன்று மாதச் சம்பளம் பாக்கி. "மேலேயிருந்து வந்தால்தான் தருவேன்" என்கிறார் முதலாளி. சொந்தமாகத் தொடங்க நினைக்கிறேன். தெரிந்த அண்ணன் ஒருவர் தன் லைசென்ஸை வைத்து வேலை எடுக்கச் சொல்கிறார். கையில் 8,000 வெள்ளி இருக்கிறது. கடன் எடுத்து வேன் வாங்கலாமா? நாடு இருக்கிற நிலையில் இது சரியான நேரமா? அம்மா, "நமக்கு எதுக்குப்பா பிசினஸ்" என்கிறார்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நேரத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மலேசியப் பொருளாதாரம் 1985-இல் சுருங்கியது. 1998-இல் 7.4 விழுக்காடு சுருங்கியது. 2009-இலும் 2020-இலும் சுருங்கியது. அப்போதெல்லாம் புது வீடு கட்டுவது குறைந்திருக்கும். பழைய வீட்டுச் சீலிங்கில் மழை ஒழுகி ஈஎல்சிபி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுவது குறைந்திருக்காது. அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: 1894-இல் ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி வைத்த இருவரில் ஒருவர் தம்புசாமிப் பிள்ளை. மற்றவர் சீன முதலாளி லோக் இயூ. நம் ஆளுக்கு இது புதுத் தொழில் இல்லை.

வேன் இப்போது வேண்டாம். மோட்டார் சைக்கிளும், வேலை நாளில் ஒரு வாடகை வண்டியும் போதும்.

சம்பள பாக்கி வேறு விஷயம். நீங்கள் தொழிலாளி என்றால், 1955 வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் காசு கைக்கு வர வேண்டும். மேலேயிருந்து வருகிறதா, கீழேயிருந்து வருகிறதா என்பது உங்கள் கவலை இல்லை. தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். மூன்று மாதம் எப்படிச் சும்மா இருந்தீர்கள்? முதலாளியோடு இருக்கும் அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும் என்றா? அது கெட்டுத்தான் போயிருக்கிறது.

அந்த லைசென்ஸ் அண்ணனை விட்டு விலகுங்கள். கான்ட்ராக்டராகச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிய வேண்டும். தகுதி பெற்ற ஆள் அந்த நிறுவனத்தில் முழுநேரம் வேலையில் இருக்க வேண்டும். போராங் (படிவம்) ஜி, வேலையை மேற்பார்த்து முடித்ததற்கான கையெழுத்து. போராங் எச், சோதனை செய்ததற்கானது. பார்க்காத வீட்டுக்கு வீட்டிலிருந்தே கையெழுத்துப் போடுகிறவர் பெயரில் நீங்கள் ஓடினால், நாளை குளியலறையில் ஒருவர் ஷாக் அடித்து விழும்போது பதில் சொல்ல யார் நிற்பார்? சான்றிதழ் கையில் இருக்கும்போது இரவல் பெயர் எதற்கு? சொந்தப் பெயரில் பதியுங்கள். எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) சொந்தப் பெயர் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. கட்டுமான வேலை எடுக்க சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவும் வேண்டும். அதில் கடைசிப் படியான ஜி1 பிரிவில் தொடங்கலாம்.

இனி, நீங்கள் கேட்காதது.

மந்தக் காலத்தில் வயர்மேனை விழவைப்பது வேலைப் பஞ்சம் இல்லை. தன் காசில் வாங்கிய செம்பு அடுத்தவன் சுவருக்குள் கிடப்பதுதான். அரிசிக் கடைக்காரர் கடனை நிறுத்திவிட்டால் மீதி மூட்டை கடையிலேயே இருக்கும். உங்கள் சாமான் அப்படி இல்லை. குழாய்க்குள் இழுத்து, சிமெண்ட் பூசிய பிறகு அதைத் திருப்பி எடுக்க நடைமுறையில் வழி கிடையாது. அதனால் எந்தக் கட்டத்திலும், கைக்கு வந்த காசு சுவருக்குள் போன சாமானின் விலைக்குக் குறையக் கூடாது. இந்த ஒன்றுக்காகச் சண்டை போட வேண்டி வந்தாலும் போடுங்கள்.

அதற்கு முதலில் அளக்க வேண்டும். மூன்று அறை, ஒரு மாடி, பழைய வரிசை வீடு. முழு ரீவயரிங் என்று வையுங்கள். விளக்கும் விசிறியும் 16 பொயிண்ட். சராசரி 8 மீட்டர் ஓட்டம் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் கறுப்பு (நியூட்ரல்) 128 மீட்டர், பச்சை (எர்த்) 128 மீட்டர். சுவிட்சுக்கு இறங்கி ஏறுவதால் சிவப்பு (லைவ்) 190 மீட்டருக்குக் குறையாது. ஒரு சுருள் 100 மீட்டர். ஆக நிறத்துக்கு இரண்டு, மொத்தம் ஆறு சுருள். பிளக் 10, சர்க்கியூட்டுக்கு இரண்டாகப் பிரித்தால் ஐந்து, ஏர்கான் இரண்டு. ஏழு சர்க்கியூட்டுக்கும் 2.5 வயர். டிபி பெட்டியிலிருந்து (மின்சாரம் சர்க்கியூட்டுகளாகப் பிரியும் பெட்டி) சராசரி 12 மீட்டர், இரண்டாவது பிளக்குக்கு மேலும் 4 மீட்டர். நிறத்துக்கு 104 மீட்டர் வருகிறது, ஒரு சுருளைத் தாண்டி நாலே மீட்டர்! இங்கேதான் பலர் "சமாளிச்சுக்கலாம்" என்று ஒரு சுருளோடு நிறுத்தி, கடைசியில் குழாய்க்குள் முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டு சூடாகும், டேப் காயும், ஐந்து வருடம் கழித்து அந்த பிளக் கறுக்கும். கூடுதல் சுருளை விலைப்பட்டியலில் போடுங்கள். வாட்டர் ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர், தனி சர்க்கியூட், 10 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி. இதில் பேரம் இல்லை. வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கிவந்த ஹீட்டரில் சிரிம் ஒட்டி (தரச் சான்று முத்திரை) இல்லையா? மாட்டாதீர்கள்.

இந்தப் பட்டியலை எழுதி, தேதி போட்டு, 14 நாள் மட்டும் செல்லும் என்று குறியுங்கள். செம்பு விலை ஏறினால் வயர்க் கடை உங்களுக்காகக் காத்திருக்காது. ஒப்புக்கொண்ட அன்றே பாதிப் பணம். சாமான் விலை முழுதும் அதற்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் பாதி என்பதை அறுபது ஆக்குங்கள். குழாயும் வயரும் உள்ளே போனதும், பிளக் முகங்களும் டிபியும் மாட்டுவதற்கு முன் முப்பது விழுக்காடு. மீதி, சோதனை அன்று. "அப்படியே இங்கே ஒரு பிளக் போட்டுடுங்க தம்பி" என்று அக்கா தேநீரோடு வந்து சொல்வார். தேநீரைக் குடியுங்கள், பிளக்கைத் தனிவிலையோடு எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

எழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய கான்ட்ராக்டரிடம் துணைவேலை எடுக்கும் நாள் வரும். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும், கட்டுமான வேலைப் பணம் பற்றிய சிபா சட்டத்தில், "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை செல்லாது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவனுக்கு அந்தச் சட்டமே இல்லை. நாலு மாடிக்குக் குறைந்த வீட்டைத் தான் குடியிருக்கக் கட்டுகிற தனிநபருக்கும் அது பொருந்தாது. அவரோ உங்களை 50,000 வெள்ளி வரை நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். நீங்கள் அவரை அங்கே இழுக்க முடியாது. வீட்டு வேலையில் முன்பணத்தைத் தவிர உங்களுக்கு வேறு காவல் குறைவு.

அந்த 8,000-இல் முதலில் வயர்த் தோலில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் நல்ல இன்சுலேஷன் டெஸ்டர் வாங்குங்கள். பழைய வீட்டுக்குப் போனால் சும்மா அண்ணாந்து பார்த்துவிட்டு விலை சொல்லாதீர்கள். மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, பிளக்கில் இருப்பதையெல்லாம் உருவி, சுவிட்சுகளைப் போட்டு, நியூட்ரலைப் பிரித்து, 500 வோல்ட்டில் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த சர்க்கியூட் போயிற்று. நியூட்ரலையும் எர்த்தையும் தனியே பாருங்கள்: மழையில்லாமலே, விளக்குப் போட்டதும் ஈஎல்சிபி விழுகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ அவை இரண்டும் தொடுகின்றன. இந்தச் சோதனைக்குக் காசு வாங்குங்கள். வேலை கொடுத்தால் கழித்துக்கொள்ளலாம். "பார்க்கிறதுக்குக் காசா" என்பவர் பிறகு முழு வேலைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

கோயில் வேலை வரும், தோட்டத்துப் பட்டணத்தில் வராமல் இருக்காது. கூலி வாங்காமல் செய்யுங்கள், அது உங்கள் பக்தி; வயர், சாமான் வாடகையைக் கமிட்டியிடம் முன்னாலேயே வாங்குங்கள். இரும்புப் பந்தலை எர்த் பண்ணுங்கள், 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி இல்லாமல் ஒரு சீரியல் விளக்கும் எரியக் கூடாது, கேபிள் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. இந்த ஒரு வேலையில்தான் வயர் உங்களிடம் திரும்பி வரும். சுருட்டி வைப்பதற்கு முன் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு துண்டையும் டெஸ்டரில் பார்த்து, தோல் உரிந்ததை வெட்டி எறிந்துவிடுங்கள்.