பூச்சி நிறம் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது

ஐந்தாம் வகுப்பில் மரபையும் தகவமைப்பையும் எப்படிச் சேர்த்து விளக்குவது? பழைய செய்தித்தாளும் பஞ்சிங் மெஷினும் போதும்.

சிவப்புத் தாளில் 30 வட்டம், செய்தித்தாளில் 10 வட்டம் துளைத்தெடுத்து, படமில்லாத செய்தித்தாளை விரித்து அதன்மேல் தூவுங்கள். வட்டங்கள் பூச்சிகள், பிள்ளைகள் பறவைகள். முதலில் கண்ணில் படுவதை ஒவ்வொன்றாக எடுக்கட்டும்; 20 ஆனதும் நிறுத்துங்கள். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு குஞ்சு சேர்த்தால் மறுபடி 40. இந்த ‘அதே நிறம்’தான் மரபு. இரண்டு மூன்று சுற்றில் சிவப்பு அருகிவிடும். (மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்!)

வட்டங்களுக்குப் பதில் பயறு வகைகளை வைத்துச் செய்தால் விளையாட்டு கெட்டுப்போகும். பிள்ளைகள் நிறத்தைப் பார்க்காமல் பெரியதாகப் பார்த்துப் பொறுக்குவார்கள்.

“பூச்சிகள் நிறம் மாறிக்கொண்டன” என்று யாராவது சொல்வார்கள். உடனே ஒரு வட்டத்தைக் காட்டி, “இது மாறியதா?” என்று கேளுங்கள். தனிப் பூச்சி மாறவில்லை. கூட்டத்தில் எந்த நிறம் எத்தனை என்பதே மாறியது. கூட்டம் இப்படிச் சூழலுக்குப் பொருந்திப்போவதுதான் தகவமைப்பு. இங்கிலாந்தில் ஆலைப்புகை படிந்த ஊர்களில் கருப்பு அந்துப்பூச்சிகள் பெருகியதும் இப்படித்தான். வாழ்நாளில் வந்த மாற்றம் பிள்ளைக்குப் போகாது என்பதற்குக் காதுகுத்தலைவிட நல்ல உதாரணம் கிடையாது: அம்மாவுக்குக் குத்திய காது, குழந்தைக்கு மறுபடி குத்த வேண்டியிருக்கிறதே!