கத்தியில் பொறித்த பெயர்

வணக்கம் சார்,

உங்களுடைய ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். டெக்ஸஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஐந்தாறு வருடமாக மடக்குக் கத்திகள் சேர்க்கிறேன். வீட்டில் 14 இருக்கின்றன. அதற்குமேல் எண்ணுவதை மனைவி நிறுத்திவிட்டாள்.

கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி யூடியூபில் ஒரு விமர்சகரிடம் கற்றது. போன வருடம் அவர் தன் பெயரில் ஒரு லிமிடெட் எடிஷன் கொண்டுவந்தார். கத்தி ஏற்கெனவே கடையில் கிடைப்பதுதான். கைப்பிடிக்கு வேறு நிறம், அலகில் அவருடைய சின்னம், 500-இல் எத்தனையாவது என்று ஓர் எண். சாதாரணக் கத்தி 190 டாலர், இது 285. விற்பனை தொடங்கி எட்டு நிமிடத்தில் தீர்ந்துபோனது. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு நானும் ஒன்று வாங்கினேன்.

வந்த கத்தியில், விரித்த அலகு தானாக மடங்காமல் பிடிக்கிற பூட்டு ஒட்டிக்கொள்கிறது. கட்டைவிரல் வலிக்கத் தள்ளினால்தான் மடங்குகிறது. மடக்கினால் அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது. அவருடைய வீடியோவுக்குக் கீழே இதை எழுதினேன். மறுநாள் என் கமென்ட் இல்லை. தயாரித்தவர்களோ ‘அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது’ என்று பதில் போட்டார்கள். இதே கத்தி இப்போது வெளியே 400 டாலருக்குப் போகிறது, விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள்.

நான் ஏமாந்துவிட்டேனா சார்? விமர்சகர் தன் பெயரில் பொருள் விற்பது தப்பில்லையா? அல்லது நான்தான் அதிகமாக எதிர்பார்த்தேனா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் பூட்டைப் பார்ப்போம். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் ஃப்ரேம் லாக் என்கிற பூட்டு. கைப்பிடியின் டைட்டானியத் தகட்டிலேயே ஒரு பகுதி வில்போல வளைந்து அலகின் அடிப்பாகத்தில் போய் முட்டி நிற்கும். கடினமான உருக்கோடு உரசும்போது டைட்டானியம் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. அதனால்தான் பலர் அந்த முனையில் ஓர் உருக்குத் துண்டைப் பொருத்துகிறார்கள். உங்கள் கத்தியில் அது இல்லையென்றால், முட்டுகிற முகத்தில் சாதாரணப் பென்சிலைத் தேய்த்துவிட்டு ஐம்பது தடவை திறந்து மூடிப் பாருங்கள். பல கத்திகள் இதிலேயே சரியாகிவிடும். அலகு சாய்வதற்குக் கீல் திருகை இம்மியளவு தளர்த்திப் பார்க்கலாம். முழுதாகக் கழற்றாதீர்கள், கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று சில கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன.

இனி பெயர் விஷயம். என் ஒப்பினெல்லின் அலகில் முடிசூட்டிய கை ஒன்று பொறித்திருக்கிறது. 1565-இல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்ல்ஸ், கத்தி செய்கிற ஒவ்வொருவரும் தன் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த வழக்கத்தைப் பின்பற்றி 1909-இல் ஜோசஃப் ஒப்பினெல் இந்தக் கையைத் தேர்ந்தெடுத்தார். கத்தி சரியில்லையென்றால் யாரிடம் போய் நிற்பது என்பதற்கு அந்த முத்திரை விலாசம். எங்கள் பக்கத்து அரிவாளில் ஆசாரி பெயர் இருக்காது. ஆனால் வெட்டுகிற வாய் மடங்கினால் எந்தப் பட்டறைக்குத் திரும்பிப் போவது என்று வாங்கியவனுக்குத் தெரியும். இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குகிற தோய்ச்சல் சரியில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். அவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி உலையில் வைப்பார்.

கம்பெனிக் கத்தியில் வேறொருவர் பெயர் வருவதும் புதிதில்லை. கொலராடோவிலுள்ள ஸ்பைடர்கோ கம்பெனி 1990-இல் பாப் டெர்ஸுவோலா வடிவமைத்த கத்தியை அவர் பெயரிலேயே வெளியிட்டது. அவர் கையால் கத்தி செய்து விற்றவர். அலகின் வளைவு முதல் பூட்டு வரை அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது. அந்தக் கத்தியிலிருந்த லைனர் லாக் பூட்டை உருவாக்கியவர் மைக்கேல் வாக்கர் என்ற இன்னொரு கைவினைஞர். அவர் பெயரைச் சேர்த்து அதைச் சொல்வதும் உண்டு.

உங்கள் விமர்சகரின் சின்னம் எதற்குப் பொறுப்பேற்கிறது? வடிவம் அவருடையதில்லை. தோய்ச்சல் போட்டது தொழிற்சாலை. உத்தரவாதச் சீட்டில் அவர் பெயர் இல்லை. குறை சொன்னால் கமென்ட் காணாமல் போகிறது. நிறத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் கூடுதலாகக் கொடுத்த 95 டாலருக்கும் நடுவில் நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கத்தி அவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கும், அவர் கையில் இருந்தது நன்றாகவும் மடங்கியிருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு வருவது. அடுத்த மாதம் இதே விலையில் வேறொரு கம்பெனி இதைவிட நல்ல கத்தியைக் கொண்டுவந்தால் அவர் என்ன சொல்வார்? அதே தொழிற்சாலையிலிருந்து ஒரு சொத்தைக் கத்தி வந்தால்? திட்டினால் தன் வியாபாரத்துக்கே கேடு, புகழ்ந்தால் உங்களுக்கே சந்தேகம் வரும். பெரும்பாலும் அப்படிப்பட்ட கத்திகளைப் பற்றி வீடியோவே வராது. அந்த மௌனத்தைப் பார்வையாளர்களால் பார்க்க முடியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பணத் தொடர்போ இலவசப் பொருளோ இருந்தால், அதைப் பார்ப்பவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்கிறது நுகர்வோரைப் பாதுகாக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டுதல். கடைசியாக 2023-இல் திருத்தினார்கள். போலி மதிப்புரைகளுக்கு எதிராக 2024 அக்டோபரில் தனி விதியே நடைமுறைக்கு வந்தது. ஆனால் உங்கள் ஆள் எதையும் மறைக்கவில்லையே! தன் சின்னத்தை அலகிலேயே பொறித்து விற்கிறார். இதைவிடப் பகிரங்கமான அறிவிப்பு ஏது? அந்த அளவில் சட்டப்படி அவர் சுத்தம். இந்த விஷயத்தில் சட்டம் முக்கியமாகக் கேட்பது தொடர்பைச் சொன்னாயா என்றுதான்.

நம்மிடமும் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. தன்னைத் தானே புகழ்வது தகாது, அதனால் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேறொருவர் பாட வேண்டும் என்கிறது நன்னூல். யார் பாடலாம் என்றும் சொல்கிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். அத்தனை பேரும் வேண்டியவர்கள்! நடுநிலையாளர் என்று எவரும் நடிக்கவில்லை. பாயிரம் படிக்கிறவனுக்கும் அது தெரியும். பாயிரம் பாடியவரே மறுநாள் சபையில் உட்கார்ந்து மற்ற நூல்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால்தான் வம்பு.

நானும் இதற்கு வெளியே நிற்கிறவன் இல்லை. பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் நாவலுக்கு அணிந்துரை எழுதினேன். நல்ல நாவல்தான். முதல் பதிப்பின் பைண்டிங் மட்டும் படுமோசம், நாற்பதாவது பக்கம் போவதற்குள் தாள்கள் கையோடு வந்தன. ஒரு வாசகர் எனக்குப் போன் செய்து, “நல்லா இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, காசு குடுத்து வாங்கினேன்” என்றார். பைண்டிங்குக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். பதிப்பாளரிடம் பேசி வேறு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். செய்யவில்லை. உங்கள் கடிதத்தில் கமென்ட் காணாமல் போன இடத்தைப் படித்தபோது அந்தக் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதிகமாக எதிர்பார்த்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம், கொஞ்சம். பெயர் விற்காத விமர்சகரால்கூட ஒரு கத்தியைப் பற்றிச் சொல்ல முடிவது குறைவு. அவர் கையில் இருப்பது ஒரே ஒரு கத்தி, சில சமயம் கம்பெனியே பார்த்துப் பொறுக்கி அனுப்பியது. பெட்டியைப் பிரித்து, தாளை வெட்டி, கயிற்றை அறுத்து, ஒரு வாரத்தில் வீடியோ போட்டாக வேண்டும். தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது வாயின் நுனி சூடேறிக் கெட்டுவிடுகிறது, இரண்டு மூன்று முறை நாமே தீட்டிய பிறகுதான் கத்தியின் உண்மையான வாய் வெளியே வருகிறது என்று அனுபவப்பட்டவர்கள் பலரும் சொல்வார்கள். அது சரியென்றால் முதல் வாரத்தில் சோதித்தது எந்த வாயை?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காட்ரா என்றொரு ஆய்வு நிலையம் இருக்கிறது. அவர்களுடைய இயந்திரம், 5 சதவீதம் சிலிக்கா மணல் கலந்த அட்டைக் கட்டின்மேல் ஒரே அழுத்தத்தில் கத்தியை முன்னும் பின்னும் ஓட்டும். 60 சுற்றில் எத்தனை மில்லிமீட்டர் அட்டை வெட்டுப்பட்டது என்று கணக்கெடுப்பார்கள். அதில் தெரியவந்த ஒரு விஷயம் கத்திப் பிரியர்களுக்குக் கசப்பானது. வாயின் கோணத்தைக் குறைத்தால் கூர் நிற்கும் காலம் கூடுகிற அளவுக்கு, விலை உயர்ந்த உருக்குக்கு மாறினாலும் பல சமயம் கூடுவதில்லை. நாம் அலகில் பொறித்த உருக்கின் பெயரைப் பார்த்து நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்கிறோம். வாய்க்குப் பின்னால் தகடு எவ்வளவு தடிமன் என்று அளந்து சொல்கிற விமர்சகரைப் பார்த்தால் விடாதீர்கள். அந்தப் பேச்சு சலிப்பாக இருக்கும், சலிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் மேக்னாகட் என்ற உருக்கு வந்தபோது கத்தி உலகமே அதன் பின்னால் ஓடியது. அதை வடிவமைத்தவர் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர். துருப்பிடிக்காமை, உடையாத உறுதி இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். கூர் நிற்பதில் மேக்னாகட்டைவிட மேலான உருக்குகள் பல உண்டு என்பதை அவர் வெளியிட்ட அட்டவணைகளிலேயே பார்க்கலாம். தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டு, முதல் ரேங்க் கொடுக்காத மனிதர்! சொந்தப் பொருளைப் பற்றியும் ஒருவர் நேர்மையாகப் பேச முடியும் என்பதற்கு இவர் போதும். ஆனால் அவர் சொன்னது அளவுகள், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ‘மடக்கும்போது கைக்குச் சுகமாக இருக்கிறது’ என்பதை யார் சரிபார்ப்பது?

லிமிடெட் எடிஷன் எல்லாமே ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பைடர்கோவே ம்யூல் டீம் என்று ஒரு வரிசையைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுகிறது. கைப்பிடிகூடக் கிடையாது, ஒரே வடிவ அலகு, ஒவ்வொரு முறையும் உருக்கு மட்டும் மாறும். இரண்டை வாங்கி அக்கம்பக்கத்தில் வைத்து வெட்டினால் உருக்கின் வித்தியாசம் தெரியும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே அந்தக் கத்தி பிறக்கிறது. பென்சில்வேனியாவின் கேஸ் கம்பெனி 1970-இல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகளைப் பதித்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. புள்ளியை எண்ணினால் எந்த வருடத்துக் கத்தி என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். உங்கள் கத்தியில் இருக்கிற எண், மீதி 499 பேரிடம் இது இல்லை என்பதைத் தவிர வேறென்ன சொல்கிறது?

உங்கள் கூட்டத்தில் ஃப்ளிப்பர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. அலகைத் தட்டித் திறக்கிற சிறு நீட்டலும் ஃப்ளிப்பர், வாங்கிய கையோடு லாபத்துக்கு விற்கிறவரும் ஃப்ளிப்பர். இரண்டாமவருக்கு முதலாவது தேவையே இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவ் தன் கத்திக்குச் செபென்ஸா என்று பெயர் வைத்தார். ஸூலு மொழியில் ‘வேலை’ என்று பொருள். அது இன்று 400 டாலருக்கு மேல். எத்தனையோ செபென்ஸாக்கள் ஒரு வேலையும் பார்க்காமல் பெட்டிக்குள் தூங்குகின்றன. அப்படிப்பட்ட கத்தியை ‘சேஃப் குயீன்’, அதாவது பெட்டக ராணி என்று உங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த ராணிதான், அந்தப்புரம் மட்டும் இரும்பு அலமாரியில்.

ஏமாந்தீர்களா என்றால், பணத்தில் இல்லை. 285 கொடுத்தது 400 ஆகியிருக்கிறது. இத்தனை நாள் அவர் பேச்சை ஒரு வாத்தியாரின் பேச்சாகக் கேட்டீர்கள், அது போய்விட்டது. அவர் பழைய வீடியோக்களை நீங்கள் தூக்கிப்போட வேண்டியதில்லை. சாணை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது இன்னும் சரியாகத்தான் இருக்கும். எதை வாங்குவது என்று மட்டும் இனி அவரிடம் கேட்காதீர்கள். தன் பெயரில் கத்தி விற்கிறவர் மற்றவர் கத்திகளை விமர்சிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. கடுமையாகத் தெரியலாம். வடிவமைக்கப் போகட்டும், வியாபாரம் செய்யட்டும், இரண்டும் மரியாதையான தொழில்கள்.

விற்பதா என்று கேட்டால், பூட்டு ஒட்டுகிறது, அலகு சாய்கிறது என்று விளம்பரத்திலேயே எழுதி விற்றுப் பாருங்கள். அப்போதும் 400 டாலர் கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது. வாங்குகிறவர் அதை மடக்கிப் பார்க்கவா போகிறார்?

ஆனால் முதலில் அந்தப் பென்சில். வேலை செய்ததா என்று எழுதுங்கள்.

அன்புடன்.