தண்டவாளத்துக்கு நடுவில் முளைத்த மரம்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சரக்கு யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷன்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்)

கேள்வி: ஐயா, இரவு பகலாக இரைச்சலோடு இருந்த கூட்ஸ் யார்டுகள் எப்படிக் காலி மனைகளாகப் போயின? ரயிலில் சரக்கே போவதில்லையா?

பதில்: போகிறது. சில நாடுகளில் லாரி வந்து சரக்கைப் பறித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் ரயில் சரக்கு பெருகிய நாடுகளிலும் யார்டுகள் மூடப்பட்டன. அங்கே குறைந்தது சரக்கு அல்ல, பிரிக்கும் வேலை.

யார்டைச் சரக்குக் கிடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற மேசையைப் போன்றது. ஒரு வண்டியில் வரும் நாற்பது வேகன்களும் இருபது ஊர்களுக்குப் போக வேண்டியவையாக இருக்கும். எஞ்சின் பின்னாலிருந்து மெல்லத் தள்ளி அவற்றை ஒரு மேட்டில் ஏற்றும். உச்சியில் இணைப்பைக் கழற்றிவிட்டால், வேகன் தன் எடையிலேயே உருண்டு இறங்கும். கீழே பாயின்ட்டை, அதாவது தடம் மாற்றும் தண்டவாளத்தை, மாற்றி மாற்றி, அதனதன் லைனுக்கு அனுப்ப வேண்டும். இருட்டில் வேகன் வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். காலி வேகன் கலகலவென்று வரும். சுமை ஏற்றியது முனகிக்கொண்டு வரும். நாங்கள் பயந்தது முனகலுக்குத்தான்.

இப்போது ரேக், அதாவது ஒரு வண்டியின் வேகன் வரிசை, முழுவதும் ஓரிடத்தில் நிலக்கரியை ஏற்றி, வேறோர் இடத்தில் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. இந்திய ரயில்வே 1980களில் இந்த முறைக்கு மாறியது. சில்லறைச் சரக்கு கன்டெய்னருக்குள் போய்விட்டது. பிரிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் மேசை எதற்கு?

கேள்வி: லண்டனில் பழைய யார்டை இடிக்காமல் கடைத்தெரு ஆக்கிவிட்டார்களாமே, அதுதானே சரியான வழி?

பதில்: லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையப் பகுதியைச் சொல்கிறீர்கள். பாதி சரி.

அங்கே 1852இல் கட்டடக்கலைஞர் லூயிஸ் கியூபிட் கட்டிய தானியக் கிடங்கு இருக்கிறது. லிங்கன்ஷயர் கோதுமை ரயிலில் வந்து இறங்கிய இடம். 2011 முதல் அது கலைக் கல்லூரி. கட்டடத்துக்கு எதிரே, ஒரு காலத்தில் படகுகள் நின்ற நீர்த்துறையைத் தூர்த்த இடத்தில் இப்போது 1,080 நீரூற்றுகள் பீறிடுகின்றன. குழந்தைகள் நனைகிறார்கள், எனக்கு அதில் குறையில்லை.

என் குறை பக்கத்தில் இருக்கும் நிலக்கரிக் கொட்டகைகளைப் பற்றியது. வேகன் மேல்தளத்தில் வந்து நிற்கும். அடிக்கதவைத் திறந்தால் கரி கீழே தொட்டியில் விழும். அங்கே மூட்டை கட்டிக் குதிரை வண்டியில் ஏற்றுவார்கள். மண்வாரியைத் தொடாமல், பூமியின் இழுப்பையே கூலியாளாக வைத்த கெட்டிக்காரத்தனம் அது. 2018இல் அதைக் கடைத்தெருவாகத் திறந்தார்கள். இரண்டு கொட்டகைக் கூரைகளையும் வளைத்து நடுவில் ஒன்றையொன்று தொடவைத்திருக்கிறார்கள். எல்லோரும் அந்த வளைவை அண்ணாந்து பார்க்கிறார்கள். கட்டடம் ஏன் இரண்டு அடுக்காக இருக்கிறது என்று கேட்பவர் எத்தனை பேர்? சுவரைக் காப்பாற்றுவது எளிது. அந்தச் சுவர் செய்த வேலையைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

கேள்வி: அப்படியானால் பூங்காவாக ஆக்கலாமா?

பதில்: ஆக்க வேண்டியதே இல்லை, சில சமயம் தானாக ஆகும். பெர்லினில் டெம்பிள்ஹோஃப் ஷன்டிங் யார்டு 1952இல் ஓய்ந்தது. போருக்குப் பின் நகரம் இரண்டாகியிருந்தது. நிலம் மேற்குப் பக்கம், ரயில் நிர்வாகமோ கிழக்கின் கையில். இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் மாட்டிய வீட்டைப் போல, யாரும் தொடாமல் கிடந்தது. பிர்ச் மரங்கள் வந்தன. ஜல்லியில் தண்ணீர் தங்காது, வெயிலில் கொதிக்கும். அதைத் தாங்கும் புல்வகைகள் வந்தன. வேகன்களில் ஒட்டிக்கொண்டு தூரதேசத்து விதைகள் வருவது யார்டுக்காரர்களுக்குப் புதிதல்ல.

பின்னாளில் அங்கே மறுபடியும் சரக்கு நிலையம் கட்டத் திட்டம் வந்தபோது சுற்றியிருந்த மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். 2000இல் சுமார் 18 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலேயே மரம் நிற்கிறது. எஞ்சினைத் திருப்பும் வட்டமேடையும் தண்ணீர்க் கோபுரமும் அப்படியே இருக்கின்றன. செடி மிதிபடாமல் இருக்கத் தரைக்குச் சற்று மேலே இரும்பு நடைபாதை போட்டிருக்கிறார்கள். முழுவதும் காடாகிவிட்டால் புல்வெளி செத்துவிடும் என்பதால் சில திடல்களில் மரம் ஏறவிடாமல் வெட்டியும் பராமரிக்கிறார்கள். காட்டுக்கும் ஒரு பாயின்ட்ஸ்மேன் வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது இதுதான். பார்ப்பவனுக்கு விளக்கப் பலகை எதையும் படிக்காமலே, இது என்னவாக இருந்தது என்று தெரிகிறது.

கேள்வி: பழைய யார்டு மண்ணில் காய்கறி போடலாமா?

பதில்: மண்ணைச் சோதிக்காமல் ஒரு கீரைப் பாத்திகூட வேண்டாம். ஸ்லீப்பர் கட்டை மக்காமல் இருக்க அதில் ஊறவைத்த கிரியோசோட் எண்ணெய், எஞ்சின் எண்ணெய், கரிச்சாம்பல் எல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கின்றன. பல நாடுகளில் ஒரு காலத்தில் ஆர்செனிக் கலந்த களைக்கொல்லியையும் தெளித்தார்கள். ஆசை விடவில்லையென்றால் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் போடுங்கள்.

கேள்வி: நீங்கள் வேலை பார்த்த யார்டு இப்போது எப்படி இருக்கிறது?

பதில்: போன மாதம் போனேன். லைன்கள் இல்லை. எடைமேடை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நடுவில் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் குடியிருப்பு. அந்த மேட்டை மட்டும் சமன் செய்யாமல் விட்டுவிட்டார்கள். சாலை அதன்மேல் ஏறி இறங்குகிறது. ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான். உச்சியில் ஏறி உட்கார்ந்து, மிதிக்காமலே கீழே போனான். காலி வேகன், கலகலவென்று. எந்த லைனுக்குப் போகிறான் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.